ஆறு மணிப் பந்தயமும் இல்லாத மோட்டார்களும்

ஹம்சவேணிக்கு ஓட்டத் தெரிந்த வண்டி ஒன்றே ஒன்றுதான்: பந்தயக் கார். சைக்கிள் தெரியாது. ஸ்கூட்டி தெரியாது. கணவர் வெங்கடரமணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தால்கூட ஒரு கை சீட்டுக் கம்பியை விட்டு நகராது. ஆனால் லேப்டாப்பைத் திறந்து கார் பந்தயத்தைப் போட்டுவிட்டால், வில்லாபுரம் என்ன, மதுரை முழுக்கத் தேடினாலும் அவளை முந்துகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வயது முப்பத்தொன்பது. தொழில், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது.

இந்தப் பழக்கம் டி. கல்லுப்பட்டி சங்கிலியால் வந்தது. சங்கிலி பதினொரு லாரிகளுக்குச் சொந்தக்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய், மதுரையில் மகள் வீட்டில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஹம்சவேணி போனாள். ஓராண்டு உதவி நர்ஸ் பயிற்சி முடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது அப்போது. அமெரிக்காவில் இருந்த மகன், அப்பாவின் விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று, விளையாட்டுக்கென்றே செய்த கனத்த லேப்டாப் ஒன்றை அனுப்பிவைத்தான். சங்கிலி ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“இதுல கிளட்ச் எங்கத்தா?”

“கிளட்ச் கிடையாதுய்யா. நாலு பொத்தான்தான்.”

“கிளட்ச் இல்லாதது ஒரு வண்டியா? நீ ஓட்டு. நான் பாக்குறேன்.”

அவள் ஓட்டினாள். முதல் வளைவிலேயே சுவரில் முட்டினாள். சங்கிலிக்குப் பொறுக்கவில்லை. “வளைவுக்கு முன்னாடி பிரேக்க அமுக்குத்தா! உள்ள போயி அமுக்குனா வண்டி குடை சாயாம என்ன செய்யும்?” என்று கத்தியபடி, விழுந்துபோன கையாலேயே பொத்தானை எட்டினார். விரல் அரை அங்குலம் நகர்ந்தது. ஹம்சவேணி அதைக் குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவள் வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாக ஓட்டுவாள், அவர் திட்டுவார், விரல் நகரும். எட்டு மாதத்தில் அவர் டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தார். அவள் தப்பாக ஓட்டவே மறந்துபோயிருந்தாள். சங்கிலி மகனிடம் அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது, “இந்தச் சனியன நீயே வெச்சுக்கத்தா” என்று லேப்டாப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இது நடந்தது 2008-இல். அடுத்த வருடம் ஏப்ரலில் ஒரு போட்டி வந்தது. இணையத்திலேயே ஓட்ட வேண்டும். பல சுற்றுகள். கடைசிச் சுற்றில் முதல் எட்டு இடம் பிடிப்பவர்களைச் சென்னைக்கு வெளியே இருக்கும் நிஜப் பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போய், நிஜப் பந்தயக் காரில், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, ஒரு சுற்று ஓட்டவிடுவார்கள். ஹம்சவேணி கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். முப்பது பேரில் ஆறாவது இடம். கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. இருபது நிமிடம், பன்னிரண்டு சுற்று. இணையத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் அது என்று போட்டிக்காரர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் வினை ஆரம்பித்தது.

வேலைக்கு எட்டு மணிக்குப் போக வேண்டும் என்பதால் அவள் பயிற்சி எடுப்பது அதிகாலையில். ஐந்து நாற்பத்தைந்துக்கு வீட்டு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தாள். திரையின் மூலையில் ஓர் எண் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. எப்போதும் ஐம்பத்தெட்டு. அந்த எண் இருந்தால் கார் எண்ணெய் தடவியதுபோல் ஓடும். அன்றைக்கு மூன்றாவது சுற்றில் ஐம்பத்தெட்டு திடீரென்று பதின்மூன்றாக விழுந்தது. கார் விட்டுவிட்டு நகர்ந்தது. அவள் திருப்பியது திரைக்கு வருவதற்குள் வண்டி சுவரில் இருந்தது. பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆனால் முப்பதாவது இடம்தான்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அருள்பாண்டியிடம் கொடுத்தாள். போட்டிக்கு அவள் பெயரைப் பதிவு செய்துகொடுத்ததும் அவன்தான். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் கூட.

“யக்கா, சூடுதான். நூத்துக்குத் தொண்ணூறு கேசு சூடுதான். உள்ள விசிறி இருக்குல்ல, அதுல அழுக்கு அடைச்சுக்கிட்டா தன்னைக் காப்பாத்திக்கிட ஸ்பீடக் குறைச்சிரும்.”

“நம்ம ஊர்ல காய்ச்சல்னா உடனே மலேரியான்னு சொல்ற டாக்டர் மாதிரிப் பேசாத தம்பி. பாத்துட்டுச் சொல்லு.”

அவன் பார்த்தான். திறந்து, விசிறியிலிருந்து ஒரு சின்னப் பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு எடுத்தான். சிப் என்கிற சில்லின் மேல் புதுப் பசை வைத்தான். படம் காட்டும் சில்லுக்கான மென்பொருளைப் புதுசாக ஏற்றினான். வைரஸ் தடுப்பு தினமும் காலை ஆறு மணிக்குத் தேட ஆரம்பிப்பதைக் கண்டுபிடித்து, மத்தியானத்துக்கு மாற்றிவிட்டான். மாலையில் அவள் வந்தபோது நான்கு மணி நேரமாக விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொன்பது.

“பாத்தீகளா? ஒண்ணு கூடவே வருது. சென்னைக்கு டிக்கெட்டப் போடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மறுபடியும் பதின்மூன்று.

ஹம்சவேணி கையைப் பிசையவில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதற்கு மருந்து கிடையாது, சார்ட்தான். எப்போது வந்தது, எப்போது இறங்கியது, அந்த நேரத்தில் நோயாளியைச் சுற்றி வேறு என்னென்ன நடந்தது. ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். எண் விழுந்துகிடக்கும்போதே எழுந்து வீட்டைச் சுற்றி நடந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதினாள்.

லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தாள்: வெதுவெதுப்பு, சூடு இல்லை. சமையலறை டியூப் லைட்: எரியவில்லை, இரண்டு முனையும் சிவந்திருக்கிறது. மின்விசிறி: இறக்கையை எண்ணிவிடும் வேகம். பக்கத்து வீட்டில் ரேடியோ இல்லை. ஸ்டெபிலைசர்: ‘டக்’. அதன் முள் கடைசிக் கோட்டில் படுத்திருக்கிறது.

ஸ்டெபிலைசர் வெங்கடரமணன் வாங்கி வைத்தது. அவர் தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில் விற்பனையாளர். டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, குடைக்குத் துணிப் பை, எல்லாம் உண்டு அவரிடம். இத்தனை விலையுள்ள சாமானை நேராகச் சுவரில் செருகுவதா என்று ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற ஸ்டெபிலைசரைப் போன மாதம்தான் மாட்டியிருந்தார். வெளியிலிருந்து வரும் கரண்ட் எவ்வளவு என்று அதில் ஒரு முள் காட்டும். நூற்றெழுபதுக்குக் கீழே போனால் ‘டக்’ என்று நிறுத்திவிடும்.

சனிக்கிழமை காலை முழுக்க எண் விழவே இல்லை. ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. ஹம்சவேணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதன் உண்டு. வியாழன் காலை ஓட்டிப் பார்க்கவில்லை. வெள்ளி உண்டு. சனி இல்லை. புதனுக்கும் வெள்ளிக்கும் இருப்பது, சனிக்கு இல்லாதது எது?

அடுப்படியில் வெங்கடரமணன் கேட்டார்: “ஹம்சா, நாளைக்குத்தானே தண்ணி?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். போன வாரம் வரை சாயங்காலம் வந்தது. இந்தப் புதன்கிழமை முதல் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை என்று மாற்றிவிட்டார்கள். தண்ணீர் வந்ததும் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான்: மோட்டாரைப் போடுவது. குழாயிலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது சட்டம். அதனால் பதினாறு வீட்டில் பதினான்கு வீட்டில் மோட்டார் இருந்தும் ஒரு வீட்டிலும் மோட்டார் கிடையாது. ஒன்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும். ஒன்று கவிழ்த்த அண்டாவுக்குள் இருக்கும். ஹம்சவேணி வீட்டில் அது அடுப்படிக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. ‘வீட்டு வேலையை முடித்துவிட்டு’ அவள் உட்கார்ந்தாளே, அந்தக் கடைசி வீட்டு வேலை மோட்டாரைத் தட்டிவிடுவதுதான். தன் கையாலேயே காய்ச்சலை வரவைத்துவிட்டு வந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“மோட்டாரப் போடுங்க,” என்றாள்.

“தண்ணி நாளைக்கு ஹம்சா.”

“அரை நிமிஷம் போடுங்க. நான் முள்ளப் பாக்கணும்.”

முள் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. ஒரு மோட்டாருக்கு இருபது. பதினான்கு மோட்டாருக்குக் கணக்குப் பார்த்தால் தெருவில் கரண்டே மிஞ்சக் கூடாது.

அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“யக்கா, நான் விசிறியத் தொறந்து பஞ்சு எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்! ஸ்டெபிலைசர் கட் ஆனதும் லேப்டாப்பு சத்தம் போடாம பேட்டரிக்கு மாறிரும். நீங்க விளையாட்டத் திரை முழுக்க வெச்சிருக்கீக, பேட்டரிப் படம் கண்ணுக்கே தெரியாது. பேட்டரியால அந்தப் பெரிய சிப்புக்குத் தீனி போட முடியாது. அதான் படுத்துக்குது.”

“பட்டினியில நாடி இறங்குற மாதிரி.”

“அதேதான். முதல்ல அந்த ஸ்டெபிலைசரக் கழட்டிட்டு நேரா சொருகுங்க. அடாப்டர்ல என்ன எழுதியிருக்கு, பாருங்க.”

“நூறு முதல் இருநூத்தி நாப்பது வரைன்னு இருக்கு.”

“நூறு வரைக்கும் தாங்கும்.”

“வெள்ளிக்கிழமை முள்ளு நூறுக்கும் கீழ கிடந்துச்சு தம்பி. அம்புட்டுப் பேரும் ஓட்டுனா நின்னுபோகும். நாலு பேரு ஓட்டுனாப் பரவாயில்ல.”

“வேற வீட்டுல போயி விளையாடலாம்னா, பிராட்பேண்டு உங்க வீட்டு டெலிபோன் லைன்ல இருக்கு. எங்கிட்ட இருக்கற யூ.பி.எஸ். பத்து நிமிஷம்தான் நிக்கும். யக்கா, தெருவுல சொல்லி மோட்டார நிப்பாட்டச் சொல்லுங்க.”

“சொல்லலாம். யாருகிட்டயும் மோட்டார் இல்லியே.”

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பை கூட வைக்காமல் அவள் முதலில் போனது பேயாண்டி வீட்டுக்கு. பேயாண்டி சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பம். இங்கே வீடு கட்டி, பின்னால் மூன்று கறவை மாடு வைத்திருந்தார். தெருவிலேயே பெரிய மோட்டார் அவருடையது.

“அண்ணே, நாளைக்குக் காலைல ஆறுலருந்து ஆறு இருபது வரைக்கும் மோட்டாரக் கொஞ்சம் நிப்பாட்டி வைக்கணும்.”

“மோட்டாரா?” பேயாண்டி வானத்தைப் பார்த்தார். “நம்மகிட்ட ஏது தங்கச்சி மோட்டாரு?” அவர் காலுக்கிடையில் நீல நிறக் குழாய் ஒன்று வளைந்து வளைந்து குளியலறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இருக்குன்னு நான் சொல்லலண்ணே. இல்லாத மோட்டாரு இருபது நிமிஷம் ஓடாம இருந்தாப் போதும்.”

“என்னத்துக்கு?”

“கார் பந்தயம்.”

பேயாண்டி அதை ஒரு தடவை மென்று பார்த்தார். “சரி தங்கச்சி, நான் நிப்பாட்டிருவேன். பக்கத்து வீட்டுக்காரன் நிப்பாட்டுவானா? என் தண்ணியையும் சேத்து அவன் உறிஞ்சிருவான். என் மாடு தண்ணிக்கு எங்கிட்டுப் போகும்?” என்றவர், வாயை மூடிக்கொண்டார். பிறகு, “மோட்டார் இருந்தாச் சொல்றேன்,” என்றார்.

எட்டு வீடு ஏறி இறங்கினாள். எட்டு வீட்டிலும் மோட்டார் இல்லை. எட்டு வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரன் நிப்பாட்ட மாட்டான்.

தெருக்கோடி வீடு ரெங்கம்மாளுடையது. அறுபது வயது, வாய் எட்டூருக்குக் கேட்கும். அவளிடம் நிஜமாகவே மோட்டார் இல்லை. முன்னால் இருக்கிற பதினான்கு மோட்டாரும் உறிஞ்சிய பிறகு அவள் குழாய்க்குக் காற்றுதான் வரும். தண்ணீர் நாளிலும் அடிபம்பில்தான் அடிப்பாள்.

“அம்புட்டுப் பயலும் நிப்பாட்டுனா எனக்குத் தண்ணி வருமா?” என்று கேட்டாள்.

“வரலாம்க்கா. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“நீ காரு ஓட்டு, பஸ்ஸு ஓட்டு, எனக்கென்ன. தண்ணி வந்தாச் சரி. ஆனா இவனுக ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டானுகத்தா. திருட்டுத்தனமா எவன் ஓட்டுறான்னு தெரிஞ்சாத்தான் அடங்குவானுக. எப்படித் தெரியும்?”

ஹம்சவேணிக்கு ஸ்டெபிலைசரின் முள் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடினாள். முப்பத்தொன்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெரு பார்க்க ஓடினாள்.

ஸ்டெபிலைசரைக் கழற்றி, நீள ஒயர் போட்டு, காம்பவுண்ட் சுவரின் மேல் கொண்டுவந்து வைத்தாள். ரெங்கம்மாள் நடுத்தெருவில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் பால் கறந்துகொண்டிருந்தவர்கூட எழுந்து வந்தார். கூட்டம் சேர்ந்ததும் ஹம்சவேணி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

“ஏங்க! நம்ம மோட்டாரப் போடுங்க!”

வெங்கடரமணன் வாசலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. அந்தத் தம்பதி வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றால் மட்டும் தமிழ். “எந்த மோட்டாரு?” என்றார், மெதுவாக, சௌராஷ்டிரத்தில்.

“அடுப்படிக்குப் பின்னாடி பெட்டிக்குள்ள இருக்குல்ல, நாலு வருஷமா, அந்த மோட்டாரு!” என்றாள் அவள், உரக்க, தமிழில்.

 யாரும் அதுவரை சொல்லாததை ஒருத்தி சொல்லிவிட்டாள். உள்ளே மோட்டார் உறுமியது. சுவர் மேல் முள் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்குச் சரிந்தது. நிறுத்தினார், ஏறியது.

“பாத்துக்கிட்டீகளா? ஒரு மோட்டாருக்கு இருபது. நாளைக்குக் காலைல இந்த முள்ளு இதே சுவத்து மேல இருக்கும். அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னு பாருங்க. எவர் ஓட்டுனாலும் முள்ளு சொல்லிரும். ஆறு இருபதுக்கு மேல அவுக அவுக இஷ்டம். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் தண்ணி வரும்.”

பேயாண்டி குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்தார். “நம்மளது ஒரு எச்.பி. தங்கச்சி,” என்றார். “நாப்பது இறங்கும்.”

சிரிப்பில் தெரு குலுங்கியது. அதன்பிறகு ஒவ்வொருவராக, அண்டாவும் கல்லும் பெட்டியும் வாயிலிருந்து வெளியே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஐம்பதுக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடாப்டர் நேராகச் சுவரில். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்ட் சுவர், சுவர் மேல் ஸ்டெபிலைசர், அதைச் சுற்றிக் குடமும் கையுமாகத் தெரு. குழாய்களில் தண்ணீர் வரும் களகள சத்தம் கேட்க ஆரம்பித்தது. முள்ளை வாசிக்கும் உத்தியோகத்தை ரெங்கம்மாள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இருநூத்திப் பத்து!”

“நீ எங்கத்தா முள்ளு படிக்கக் கத்துக்கிட்ட?” என்றது ஒரு குரல்.

“ரேஷன் கடைத் தராச நாப்பது வருஷமாப் பாக்குறேன்டா. இதென்ன கம்பசூத்திரமா?”

ஆறு மணி. திரையில் சிவப்பு விளக்கு அணைந்தது. முப்பது கார்கள் பாய்ந்தன. ஐம்பத்தெட்டு. ஹம்சவேணியின் விரல்கள் பொத்தான் மேல் பறந்தன. முதல் வளைவில் முன்னால் இரண்டு கார் முட்டிக்கொண்டு சுழன்றன. அவள் பிரேக் போட்டு நடுவில் புகுந்து வருவதற்குள் மூன்று கார் முந்திவிட்டன. ஏழாவது. மூன்றாவது சுற்றில் ஆறாவது. ஐந்தாவது சுற்றில் ஒரு நீலக் காரை உள்பக்கமாக முந்தி ஐந்தாவது. வெளியே இருந்து, “எத்தனாவது? எத்தனாவது?” என்று கேட்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேயாண்டி, “அஞ்சு! அஞ்சு! எங்க தங்கச்சி பறக்குறாய்யா!” என்று நேர்முக வர்ணனை கொடுத்தார்.

ஒன்பதாவது சுற்று. ரெங்கம்மாளின் குரல் மாறியது.

“நூத்தித் தொண்ணூறு! ஏய்! நூத்தித் தொண்ணூறு! எவன்டா அது?”

“நான் இங்கனதான நிக்குறேன்!”

“நானும்தான்!”

“எவனோ போட்டுட்டான்யா!”

காலடிகள் ஓடும் சத்தம். கேட்டுகள் படார் படாரென்று திறந்தன. ஒருவன் போட்டுவிட்டான் என்றால் மற்றவன் நிற்பானா? “நூத்தி எழுவது! நூத்தி அம்பது! அடேய் நில்லுங்கடா!” பேயாண்டியையும் ஜன்னலில் காணோம். “நூத்திப் பத்து! தொண்ணூறு!”

அப்போதுதான் ஹம்சவேணிக்கு அது கேட்டது. முதலில் ஓடிய அந்த உறுமல் தெருவிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“ஏங்க!” என்று அலறினாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், தமிழில். “நம்ம மோட்டாரு!”

வெங்கடரமணன் குழாயில் தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒன்பது சுற்று பொறுத்திருந்தார். இப்படி வீணாகப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. கை தானாக சுவிட்சுக்குப் போய்விட்டது.

ஐம்பத்தெட்டு பதின்மூன்றாக விழுந்தது.

கார் விட்டு விட்டு நகர்ந்தது. அடுத்து வருவது கொண்டை ஊசி வளைவு. திரையைப் பார்த்துத் திருப்பினால் சுவர்தான். ஹம்சவேணி திரையைப் பார்க்கவில்லை. நாடி பிடித்து எண்ணுகிறவள் எண்ணுவதுபோல் எண்ணினாள். இந்த நேர்ரோட்டின் முடிவிலிருந்து பிரேக்குக்கு நான்கு, திருப்ப இரண்டு, விட மூன்று. நூறு தடவை ஓட்டிய தடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பிரேக். ஒன்று, இரண்டு, திருப்பு. திரை தட்டித் தட்டி அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. கார் சுவரில் முட்டவில்லை. ஆனால் நத்தைபோல் ஊர்ந்தது. ஒரு கார் முந்தியது. இன்னொன்று. இன்னும் இரண்டு. ஒன்பதாவது.

ரெங்கம்மாள் எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அடுப்படியில் ஒரு சத்தம், ஒரு தட்டு உருண்டது, மோட்டார் நின்றது. அவள் திரும்பத் தெருவுக்குப் போகும் வழியிலேயே கத்தினாள்: “கண்டுபுடிச்சாச்சுடா! அவ புருசன்தான்! நிப்பாட்டியாச்சு! மத்தவனெல்லாம் நிப்பாட்டுங்க!”

தெருவே சிரித்த சிரிப்பில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. “நூத்தி நாப்பது! நூத்தி எழுவது! இருநூறு!”

ஐம்பத்தெட்டு.

இன்னும் இரண்டு சுற்றுதான். ஒரு மஞ்சள் கார் நூறடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது இடம் அதன் கையில். பதினொன்றாவது சுற்றில் ஐம்பதடி. கடைசிச் சுற்றில் வால் பக்கம் ஒட்டினாள். கடைசி வளைவு. மஞ்சள் கார்க்காரன் வளைவுக்குள் போய்ப் பிரேக் போட்டான். ‘குடை சாயாம என்ன செய்யும்?’ அவள் முன்னாலேயே அமுக்கி, முன்னாலேயே விட்டாள். மஞ்சள் கார் அகன்று போயிற்று. உள்பக்கத்தில் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம். நுழைந்தாள். கோட்டைத் தாண்டினாள்.

திரையில் பட்டியல் வந்தது. எட்டாவது வரியில் அவள் பெயர்.

“எட்டு!” என்றாள். வெளியே இருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். “எட்டு! எட்டுண்ணே!”

பேயாண்டி விசிலடித்தார். குடங்களில் தாளம் தட்டினார்கள். வெங்கடரமணன் அடுப்படி வாசலில் நின்று, “நான் சும்மா தொட்டுத்தான் பாத்தேன்,” என்றார்.  ஹம்சவேணி திரும்பிச் சொன்னாள்: “சென்னைக்கு நீங்களும் வரணும். அங்க சுவிட்சு எதையும் தொடக் கூடாது.”

ரெங்கம்மாளைக் காணவில்லை. தெருக்கோடியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

“வருதுடி! கட்டவெரல் தண்டிக்கு வருது! தானா வருது! ஒரு குடம் நெறஞ்சு ரெண்டாவது குடம்!”

மணி ஆறு இருபத்திரண்டு. அவரவர் உரிமைப்படி மோட்டாரைப் போடலாம். பேயாண்டி போடவில்லை; கோடி வீட்டைப் பார்த்து நின்றார். “அந்தம்மா மூணு குடம் பிடிச்சுக்கிடட்டும்,” என்றார். மூன்றாவது குடம் நிறைந்ததும் பதினான்கு மோட்டாரும் ஒன்றாக ஓடின. மறுபடி சுவர் மேல் முள் கடைசிக் கோட்டில் படுத்தது.

அடுத்த தண்ணீர் நாளும் அப்படியே ஓடின, தெரு திருந்திவிடவில்லை. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு தண்ணீர் நாளும் ஐந்தே முக்காலுக்கு ரெங்கம்மாள் நடுத்தெருவில் நின்று, “இன்னிக்குப் பந்தயம் உண்டாத்தா?” என்று கேட்பாள். ஹம்சவேணி, “உண்டுக்கா,” என்பாள், உண்டோ இல்லையோ. பத்து நிமிடம் மோட்டார்கள் நிற்கும். அந்தப் பத்து நிமிடம் ரெங்கம்மாளுக்கு மூன்று குடம்.

மே மாதம் சென்னைத் தடத்தில், தலைக்கவசம் மாட்டி, நாலு வார் பட்டை போட்டு இறுக்கி ஹம்சவேணியை உட்கார வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர், “மேடம், இதுக்கு முன்னாடி என்ன வண்டி ஓட்டியிருக்கீங்க?” என்று கேட்டார்.

“எதுவும் இல்ல. கிளட்ச் மட்டும் எங்கன்னு காட்டுங்க,” என்றாள்.

காட்டினார். இரண்டு தடவை எஞ்சினை அணைத்துவிட்டு மூன்றாம் தடவை கிளம்பினாள். முதல் வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்தாள்.